தட்டைத் திருப்பி வைப்பவர்கள்

நீலாயதாட்சி உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. நன்னிலத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையோரம் இருக்கிற விதைநெல் கம்பெனியின் பரிசோதனை அறையில் அவளுக்கென்று மேசையும் நாற்காலியும் உண்டு. நாற்காலியில் கைப்பை உட்கார்ந்திருக்கும். அவள் ஜன்னலோரம் நிற்பாள், குடோன் வாசலுக்குப் போவாள், தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடுவாள், மறுபடி ஜன்னலுக்கு வருவாள்.

"அக்கா, உங்க காலுக்கு பேட்டரி எங்க மாத்துறீங்க?" என்பான் கூட வேலை செய்கிற நிதிஷ்.

"வீட்லயே சார்ஜ் போட்டுட்டு வந்துடுறேன். நீ உன் வேலையப் பாரு."

அந்தப் புதன்கிழமை காலை அவள் கால்கள் வழக்கத்தைவிட மோசமாக இருந்தன. குடோனுக்கும் அறைக்கும் இடையில் எத்தனை தடவை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒன்பதாம் நம்பர் குவியல் இருந்த இடம் காலியாக இருந்தது. கூட்டிப் பெருக்கிய தரையில் நாலு நெல் கிடந்தது. அதைக் குனிந்து பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அது ஏதோ சொல்லிவிடும் என்பதுபோல் பார்த்தாள்.

"ஒம்பதாம் நம்பர் எங்கண்ணே?" என்று லோடு ஏற்றுகிறவரைக் கேட்டாள்.

"காலையிலயே வண்டி ஏத்தியாச்சே. பாதி சைத்தூன் பீவி அம்மா வூட்டுக்குப் போயிடுச்சி. மீதி மூட்ட அந்தா நிக்கிது, மத்தியானம் போவும்."

அந்த நெல் போயிருக்கவே கூடாது.

அறையின் வேலை இவ்வளவுதான்: மூட்டை கட்டும் முன் ஒவ்வொரு குவியலிலிருந்தும் நூறு நூறு நெல்லாக எடுத்து ஈர மணல் தட்டில் ஊன்றுவது, சில நாள் கழித்து முளைத்ததை எண்ணுவது. நூற்றுக்கு எண்பது முளைத்தால் அது விதை. அதற்குக் கீழே போனால் அரிசியாகப் போக வேண்டிய நெல். எண்ணிக் கையெழுத்துப் போடுவது அமிர்தலிங்கம். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். அறுபதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் 'சார்'.

சார் எண்ணியதில் தப்பு இருந்தால் என்ன செய்வது? அதற்கு அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் வாய் திறக்கக் கூடாது. தட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். தட்டில் ஒட்டிய சீட்டு சுவரைப் பார்த்தபடி நிற்கும். சார் வருவார், பார்ப்பார், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மறுபடி எண்ணுவார், திருத்துவார், தட்டை நேராக வைத்துவிடுவார். நேராக நின்றால் விஷயம் முடிந்தது. யார் திருப்பினார்கள் என்று அவர் கேட்க மாட்டார். நேராகிவிட்டதே என்று இவர்களும் பேச மாட்டார்கள். மேலே இருப்பவர் முகம் கெடாமல் கீழே இருப்பவர் தப்பைச் சொல்லும் வழி அது. தமிழ்நாட்டில் எத்தனையோ அலுவலகங்கள் இப்படி ஏதோ ஒரு வழியில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நீலாயதாட்சிக்கு இந்த மரியாதை பிறப்பில் வந்ததில்லை. அவள் நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். படகில் வலை சிக்கினால் மீசை முளைக்காத பையன்கூடத் தாத்தன் வயதுக்காரரைப் பார்த்து "கயித்த விடுய்யா!" என்று கத்துவான், கரைக்கு வந்ததும் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அந்த வீட்டின் குரலோடுதான் அவள் கல்லூரியில் தாவரவியல் படித்தாள், அந்தக் குரலோடுதான் இங்கே வேலைக்கு வந்தாள். சேர்ந்த முதல் வாரமே, வெளியூர் வியாபாரி ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, "சார், இதுல எழுவத்தாறுதான் இருக்கு, நீங்க எம்பத்தாறுன்னு எழுதியிருக்கீங்க" என்று அறை அதிரச் சொன்னாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மாதம் முழுக்க அவளிடம் பேசவில்லை. தட்டு கழுவும் அம்மாள்தான் கொல்லைப்புறம் கூப்பிட்டு, "ஏம்மா, வாயாலயா சொல்லுவாங்க? திருப்பி வெச்சிட்டுப் போவ வேண்டியதுதானே?" என்றாள்.

கற்றுக்கொண்டாள். குரலை இறக்கிக்கொண்டாள். சொல்லாமல் விட்டதெல்லாம் காலுக்கு இறங்கிவிட்டதோ என்னவோ, அன்று தொடங்கிய நடை இன்னும் நிற்கவில்லை.

வைகாசியில் சாரின் மனைவி இறந்துபோனார். கம்பெனியிலிருந்து வேன் வைத்துப் போனார்கள். கூடத்தில் உட்கார்ந்தார்கள், மின்விசிறியைப் பார்த்தார்கள், சாவு வீட்டில் 'வரேன்' என்று சொல்லக் கூடாதென்பதால் ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தார்கள். கருமாதி முடிந்து சார் வேலைக்குத் திரும்பியபோது, அதற்கு மேல் எப்படி நடந்துகொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. முன்பெல்லாம் மூன்றடுக்குக் கேரியர் கொண்டு வருவார். இப்போது டீக்கடை பன். அவர் பன்னைப் பிரிக்கும்போது எல்லோரும் அவரவர் டப்பாவைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அதுவும் மரியாதைதான்.

முதலாளியின் மகன் பரணிதரன் சென்னை வேலையை விட்டுவிட்டுப் பொறுப்பெடுத்ததும் ஏறக்குறைய அதே சமயம். முப்பது வயதுக்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர். முதல் கூட்டத்திலேயே, "சார், மேடம் எல்லாம் இனிமே வேண்டாம். எல்லாரும் என்னப் பரணின்னே கூப்பிடுங்க. எதுவா இருந்தாலும் எல்லார் முன்னாடியும் ஓப்பனா பேசுங்க" என்றார்.

"ஆகட்டும் தம்பி" என்றார் அமிர்தலிங்கம்.

நிதிஷ் அரை மணியில் பழகிக்கொண்டான். "பரணி, மோட்டார் ஓடல" என்று மாடிப்படியிலிருந்து கூவினான். நீலாயதாட்சிக்குத் 'தம்பி', 'பரணி' இரண்டுமே வாயில் வரவில்லை. அதனால் அவள் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எதிரே போய் நின்று இருமுவாள்.

இப்படியிருக்க, போன சனிக்கிழமை சாயங்காலம் ஒன்பதாம் நம்பர் தட்டைத் தாண்டிப் போனவள் நின்றாள். எண்ணக்கூட வேண்டாம், பார்த்தாலே தெரிந்தது. பச்சைக்கு நடுவே அம்மைத் தழும்புபோல மணல் தெரிந்தது. அறுபது இருந்தால் அதிகம். சாரின் தாளில் எண்பத்தெட்டு. சமீபமாக அவர் எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு நடுவில் நிறுத்தி ஜன்னலைப் பார்ப்பதை அவள் கவனித்திருந்தாள். தட்டைத் திருப்பி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். திங்கட்கிழமை வந்து பார்த்தபோது தட்டு நேராக நின்றது. அப்பாடா, பார்த்துவிட்டார், திருத்திவிட்டார் என்று மனசு லேசாகி, அன்றைக்குக் கொஞ்ச நேரம் உட்காரக்கூடச் செய்தாள்.

இப்போது குடோனிலிருந்து அறைக்கு ஓடி வந்து தாளை எடுத்துப் பார்த்தாள். எண்பத்தெட்டு அப்படியே இருந்தது.

சார் அவர் இடத்தில் வேறொரு தட்டை எண்ணிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. நிதிஷைக் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"ஒம்பதாம் நம்பர் தட்ட யாரு நேரா வெச்சது?"

"நான்தான்க்கா. சனிக்கிழம சாயங்காலம். எல்லாத்தையும் வரிசையா வெச்சு போட்டோ எடுத்தேனே. பரணி சுத்தமான மேசை போட்டோ கேட்டிருந்தாரு. ஒண்ணு மட்டும் கோணலா சுவத்தப் பாத்து நின்னுச்சி. ஏன், என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு கோமாளித்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே காதில் விழுந்தது. நிதிஷ் வாயைத் திறந்தபடி கேட்டான்.

"ஏன்க்கா, ஒருத்தர் தப்பா எண்ணிட்டாருன்னா, தப்பா எண்ணிட்டீங்கன்னு சொல்ல மாட்டீங்களா? தட்டத் திருப்புவீங்களா? இது என்னக்கா, சாமி குத்தமா?"

"உனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். யாராவது சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் வந்து எட்டு மாசமாச்சு." அவன் போனை எடுத்தான். "குரூப்ல போட்டுடறேன். வண்டிய நிறுத்தச் சொல்லிடலாம்."

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போட்டா முதல்ல யாரு பாப்பா? அவருதான் பாப்பாரு. போன கூட்டத்துல உங்க பரணி என்ன சொன்னாரு? கண்ணு நல்லா இருக்கற ஆளா ஒருத்தரப் பாக்கணும்னு சொல்லல? இது ஒண்ணு போதும், அவர வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அந்த வீட்ல அவருக்கு என்னடா இருக்கு?"

"அப்ப அந்த பீவியம்மாவுக்கு? ஊறப் போட்டு, நாத்தங்கால்ல விட்டு, முளைக்கலன்னா? தண்ணி வர்ற நேரத்துல வேற விதைக்கு எங்க போவாங்க? இது கடைமடைக்கா. ஒரு தடவ தவறுச்சின்னா சம்பாவே போச்சு."

அவள் வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். தேநீர் வாங்கிக்கொண்டு சாரின் மேசைக்குப் போனாள். வைத்தாள். "என்ன நீலா?" என்று நிமிர்ந்தார். சவரம் ஒழுங்காகச் செய்யப்படாத கன்னம். சட்டையின் பொத்தான் ஒன்று வேறு நிறத்தில் இருந்தது, அவரே தைத்திருக்க வேண்டும். "சர்க்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

"சொன்னீங்களா?" என்றான் நிதிஷ்.

"நல்ல குவியல்ல இருந்து அதே அளவு மூட்டைய ஏத்து. போய் மாத்திட்டு வந்துடலாம். மீதி இங்க நிக்கிறத வெளிய விட வேணாம்னு குடோன்ல சொல்லிடு."

"அதுக்குப் பேரு மறைக்கறதுக்கா."

"சரிப்பா, மறைக்கறதுதான். ஏத்து."

பரணிதரன் அன்று தஞ்சாவூர் போயிருந்தார். கம்பெனியின் லோடு ஆட்டோவில் நிதிஷ் ஓட்ட, அவள் பக்கத்தில் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாய்க்காலில் புதுத்தண்ணீர் கலங்கலாக, குப்பையைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. வழியெல்லாம் சேற்றுழவு. பீவியம்மா ஊறப் போட்டிருப்பாரோ, போட்டிருக்க மாட்டாரோ என்பதே அவள் மனசில் ஓடியது. "கொஞ்சம் வேகமாத்தான் போயேன்" என்றாள். "இது ஆட்டோக்கா, ஏரோப்ளேன் இல்ல" என்றான்.

சைத்தூன் பீவி வீட்டு வாசலில் சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மூட்டைகள் பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தன. நீலாயதாட்சி இறங்கும் முன்பே மூச்சை விட்டாள்.

"வாம்மா நீலா. என்ன, மூட்டை கொண்டாந்து ஒரு பொழுதுகூட ஆவல, அதுக்குள்ள பின்னாலயே வந்துட்டீங்க? கூடப் போட்டுட்டீங்களா?" பீவிக்கு அறுபது வயதிருக்கும். சொந்த நிலமும் குத்தகையுமாகப் பயிர் செய்கிறவர். முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தார்.

"இல்ல பீவிம்மா. இத எடுத்துட்டு வேற மூட்ட தரச் சொன்னாங்க. இது... அது இன்னும் நல்ல குவியல்."

"அப்ப இது?"

"இதுவும் நல்லதுதான்."

"ரெண்டும் நல்லதுன்னா எதுக்குத்தா மாத்துற?"

நிதிஷ் வானத்தைப் பார்த்தான். நீலாயதாட்சி வளையலைத் திருகினாள்.

"ஆபீஸ்ல ஒரு சின்ன..."

"இந்தாம்மா. எனக்குச் சின்னது பெருசெல்லாம் தெரியாது. நான் இந்த விதைய கம்பெனிக்காக வாங்கல, அமிர்தலிங்கம் அண்ணன் கையெழுத்துக்காக வாங்குறேன். இருங்க, அவங்களையே கேட்டுப்புடுறேன்." பீவி இடுப்பிலிருந்து போனை எடுத்து, அழுத்தி, ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தார். அவர் எப்போதுமே சத்தமாக வைத்துத்தான் பேசுவார். "அண்ணே, ஒங்க ஆளுங்க வந்து விதைய மாத்தணுங்கறாங்க. என்னா வெவரம்?"

"மாத்தறதா? யாரு வந்துருக்கா?" என்றது சாரின் குரல்.

வாசலில் தொட்டி நிரம்பி வழியத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வேலியோரம் வந்து நின்றார்கள். பீவியின் மருமகள் நிலைப்படியில் எட்டிப் பார்த்தாள். போன் நீலாயதாட்சியின் முகத்துக்கு நேரே நீண்டது. ஏதாவது ஒரு பொய் போதும். லாரி மாறிவிட்டது எனலாம். ரகம் மாறிவிட்டது எனலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. அப்படிச் சொன்னால் மீதி மூட்டைகள் நாளைக்கே வேறு யார் வீட்டுக்காவது போகும், அவர் அடுத்த தட்டையும் இப்படியே எண்ணுவார், தான் மறுபடி ஒரு தட்டைத் திருப்பிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவோம் என்பதும் கூடவே வந்தது.

"நான்தான் சார், நீலா." அவள் குரல் உயர்ந்தது, தெருமுனைவரை கேட்டிருக்கும். "ஒம்பதாம் நம்பர் நீங்க எண்ணினது தப்பு சார். எம்பத்தெட்டு இல்ல. அறுபதுக்கு மேல இருக்காது. அது விதைக்கு ஆவாது."

 வேலியோரத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எப்ப பாத்த?" என்றார் சார்.

"சனிக்கிழம."

"சனிக்கிழமயா! அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"தட்டத் திருப்பி வெச்சேன் சார்."

"அத நான் பாக்கலியே." அவர் குரல் இறங்கியது. "நீலா, அந்தத் தட்டு திருப்பற பழக்கத்தக் கொண்டாந்தது யாருன்னு தெரியுமா? நான்தான். எனக்கு மேல இருந்தவரு கையில கெடைச்சதத் தூக்கி அடிப்பாரு. அந்த பயத்துல நான் செஞ்சது. நீங்கள்ளாம் அத மரியாதைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தீங்களா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

பீவி போனை இடுப்பில் செருகிக்கொண்டார். "தம்பி, எறக்கு மூட்டைய" என்றார் நிதிஷைப் பார்த்து. நீலாயதாட்சியிடம் எதுவும் கேட்கவில்லை. தொட்டித் தண்ணீரை நிறுத்தப் போனார். போகிற போக்கில், "அண்ணி எனக்கும் பழக்கம்தாம்மா. பாவம், தனிமனுசன்" என்றார்.

அவர்கள் திரும்பியபோது சாரின் நாற்காலி காலியாக இருந்தது. பரணிதரனுக்கு அவரே போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாளும் வரவில்லை.

வியாழக்கிழமை பரணிதரன் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் போய் நின்று இருமினாள்.

"அவர் மேல எனக்குக் கோவம் இல்ல நீலா மேடம். கூப்பிட்டு ஒத்துக்கிட்டாரு. உங்க மேலதான் கோவம். சனிக்கிழமையே தெரியும், புதன்கிழமை வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் யாருக்கும் தெரியாம மாத்தப் பாத்தீங்க. நாளைக்கு உங்கள நம்பி நான் எப்படி ஒரு தாள்ல கையெழுத்துப் போடுவேன்?"

"தப்புதான்."

"ஓப்பனா பேசுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க. அவருக்கு முன்னாடி கண்ணு நல்லா இருக்கற ஆள் வேணும்னும் நீங்கதான் சொன்னீங்க. அதுக்கப்புறம் யாரு ஓப்பனா பேசுவா?" சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். நேற்று ஏறிய குரல் இன்னும் இறங்கவில்லை.

பரணிதரன் பேனாவை மூடித் திறந்தார். "சரி. அது நான் யோசிக்காம பேசினது. இப்ப அவர நான் என்ன செய்யட்டும்? வரச் சொல்றதா, வேணாம்கறதா? என் அப்பா வயசு. என்னால அவர்கிட்ட கேக்க முடியல. நீங்க போய்ப் பேசிட்டு வாங்களேன்."

வெள்ளிக்கிழமை துக்க வீட்டுக்குப் போகக் கூடாது என்பார்கள். அவள் மதியமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினாள். ஒன்று பெட்ரோலுக்கு. இன்னொன்று எதற்கென்று தெரியவில்லை.

கதவு திறந்திருந்தது. சார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடியது. கொடியில் ஒரு ஆள் துணி மட்டும் காய்ந்தது. "உக்காரு" என்றார். அவள் உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போனாள், திரும்பினாள்.

"பரணித் தம்பி அனுப்புனாரா?"

"ஆமா சார்."

"என்ன சொல்லச் சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லச் சொல்லல. சும்மா பேசிட்டு வரச் சொன்னாரு."

"அப்ப நீ சொல்லு. நான் வரட்டுமா, வேணாமா? சுத்தி வளைக்காத."

வாசலில் ஐஸ்காரரின் மணி கடந்து போனது. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவளுக்குச் சொல்ல இருந்தது இரண்டு வாக்கியம். முதல் வாக்கியம் அவரைக் கொல்லும் என்று வழி முழுக்க நினைத்து வந்திருந்தாள்.

"நீங்க இனிமே எண்ண வேணாம் சார். உங்களால இப்ப எண்ண முடியல. அம்மா போனதுல இருந்தே முடியல. ஒம்பதாம் நம்பருக்கு முன்னாடியும் ரெண்டு தட்டு திருப்பினேன், அத நீங்க பாத்துத் திருத்திட்டீங்க. ஆனா வீட்ல உக்காராதீங்க. வாங்க."

அவர் அவளையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ போனதுலேர்ந்து இத யாருமே எங்கிட்ட பேசல நீலா. நீங்க யாரும். பன்ன திங்கும்போது ஒருத்தன்கூட நிமிந்து பாக்கல. நானும் அங்க வந்து உக்காந்துட்டுத்தான் இருந்தேன், இங்க இருக்கற மாதிரியே."

"தெரியும் சார்."

"தெரிஞ்சா கேக்கறதுக்கென்ன?"

"எப்படிக் கேக்கறதுன்னு தெரியல சார்."

அவர் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நடுவுல எண்ணிக்கை விட்டுப்போயிடுது. அறுபத்து மூணுக்கு வருவேன், காலையில வீட்டுச் சாவிய யாருகிட்ட குடுத்துட்டு வந்தோம்னு நெனப்பு போயிடும். யாருகிட்டயும் குடுக்கல, சட்டைப் பையிலதான் இருக்கும்" என்றார். பிறகு கேட்டார்: "எண்ண வேணாம்னா, அங்க வந்து நான் என்ன பண்றது?"

அதை அவள் யோசிக்கவில்லை. விதைப் பண்ணைகளைப் போய்ப் பார்க்கலாம், விவசாயிகளிடம் பேசலாம், ஏதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அது ஆறுதலுக்குச் சொன்னதாக இருக்கும்.

"தெரியல சார்" என்றாள்.

"ம்." அவர் எழுந்தார். கொடியிலிருந்து சட்டையை எடுத்தார். இன்னும் ஈரமாக இருந்தது. அப்படியே போட்டுக்கொண்டார். பொத்தானை ஒரு ஓட்டை தவறிப் போட ஆரம்பித்தார்.

"பொத்தான் மாறிப் போடுறீங்க சார்."

அவர் குனிந்து பார்த்து, கழற்றி, மறுபடி போட்டார். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து, அவளுடைய ஸ்கூட்டரைச் சந்தேகத்தோடு பார்த்தார். அவள் பின்னால் அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

"நீ வேகமா ஓட்டுவேன்னு அந்தப் பையன் சொன்னானே."

"யாரு, நிதிஷா? அவன் கெடக்கறான். ஏறுங்க சார், மொதல்ல."